உர்சுலா லெ குவினைப் படிக்க ஆசை, எதில் தொடங்குவது?

அறிவியல் புனைகதை பக்கம் புதிதாக எட்டிப் பார்க்கிறவர்களிடம் யாராவது ஒருவர் ‘லெ குவினைப் படிக்காமல் விடாதே’ என்று சொல்லி, கையோடு ‘த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ நாவலைத் திணித்துவிடுவார். எனக்கும் அப்படித்தான் ஆனது. ஒரு ஊர்வலம், மழை, வளைவுக்கு உச்சிக்கல் வைக்கும் ஒரு ராஜா, வாய்க்குள் நுழையாத பெயர்கள். நாற்பது பக்கத்தில் மூடி வைத்தவன் இரண்டு வருடம் அந்த எழுத்தாளர் பக்கமே திரும்பவில்லை. இப்போது அந்த நாவலை வருடத்துக்கு ஒருமுறை படிக்கிறேன், அதனால் கோளாறு புத்தகத்தில் இல்லை, நான் நுழைந்த வாசலில்தான்.

லெ குவின் விஷயத்தில் எந்த வரிசையில் படிக்கிறோம் என்பது மற்ற எழுத்தாளர்களைவிட அதிகம் முக்கியம். தொடர்கதை என்பதால் அல்ல. இவர் எழுதிய பிறகும் தன் புத்தகங்களை விடாதவர். இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்து ‘அன்றைக்கு நான் இதைத் தப்பாகப் பார்த்தேன்’ என்று எழுத்திலேயே சொன்னவர். பின்னால் எழுதியதை முன்னால் படித்தால் அந்தச் சண்டை புரியாது, முன்னால் எழுதியதை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் பாதி லெ குவின்தான் கிடைப்பார்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம்

வாழ்க்கை வரலாறு வேண்டாம் என்று தாண்டிப் போகாதீர்கள், இவருக்கு அது உதவும். 1929 அக்டோபர் 21 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தார். உர்சுலா கே. லெ குவின் என்பதில் வரும் ‘கே’ க்ரோபர், அதாவது பிறந்த வீட்டுப் பெயர். அப்பா ஆல்ஃபிரட் க்ரோபர் அமெரிக்க மானுடவியலின் பெரிய தலைகளில் ஒருவர். அம்மா தியோடோரா க்ரோபர், யாஹி என்ற அமெரிக்கப் பூர்வகுடி இனத்தில் கடைசியாக எஞ்சியிருந்த இஷி என்ற மனிதரைப் பற்றி 1961ல் ஒரு புத்தகம் எழுதிப் புகழ்பெற்றவர். கோடை விடுமுறை என்றால் குடும்பம் நாபா பள்ளத்தாக்கில் இருந்த பண்ணைக்குப் போய்விடும். அங்கே பேராசிரியர்களும் வருவார்கள், அப்பாவின் பூர்வகுடி நண்பர்களும் வாரக்கணக்கில் வந்து தங்குவார்கள். மூன்று அண்ணன்களோடு கடைக்குட்டியாக இவர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், லெ குவினின் அறிவியல் புனைகதைகளில் திரும்பத் திரும்ப ஒரே ஆள் வருவார்: அந்நிய மண்ணில் இறங்கி, துப்பாக்கி எடுக்காமல், இவர்கள் எப்படிக் கல்யாணம் செய்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், எதைச் சொன்னால் அவமானப்படுகிறார்கள் என்று குறிப்பெடுக்கும் ஆள். மற்றவர்களின் விண்வெளிக் கதைகளில் எஞ்சினியர்கள் நிற்கும் இடத்தில் இவர் கதையில் மானுடவியலாளர் நிற்பார். விண்கலம் எப்படி ஓடுகிறது என்று இவரிடம் கேட்காதீர்கள், அதில் அவருக்கு அக்கறை இல்லை.

பதினோரு வயதில் ஒரு கதை எழுதி ‘அஸ்டவுண்டிங்’ என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகைக்கு அனுப்பினார், திரும்பி வந்தது. ரேட்க்ளிஃப் கல்லூரியில் படித்து, 1952ல் கொலம்பியாவில் பிரெஞ்சு, இத்தாலிய இலக்கியத்தில் முதுகலை முடித்தார். 1953ல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் பிரான்சுக்குக் கப்பல் ஏறியபோது சார்லஸ் லெ குவின் என்ற வரலாற்று மாணவரைச் சந்தித்து, அதே வருடம் டிசம்பரில் பாரிசில் கல்யாணம். 1959ல் ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லண்டுக்குக் குடிபோனார்கள், 2018 ஜனவரி 22 அன்று 88 வயதில் இறக்கும் வரை அதுதான் ஊர். மூன்று குழந்தைகள். அவர்கள் சின்னவர்களாக இருந்த காலத்தில் எல்லோரும் தூங்கிய பிறகு ராத்திரியில் எழுதினார். 1951க்கும் 1961க்கும் இடையில் ஐந்து நாவல் எழுதினார், ஆர்சீனியா என்ற கற்பனை ஐரோப்பிய நாட்டை வைத்து, ஒன்றையும் யாரும் வாங்கவில்லை. 1962ல் ‘ஃபென்டாஸ்டிக்’ பத்திரிகையின் ஆசிரியர் சீல் கோல்ட்ஸ்மித் ஒரு கதையைக் காசு கொடுத்து வாங்கியபோதுதான் இந்தத் துறைக்குள் கதவு திறந்தது. அப்போது வயது 32.

(சும்மா ஒரு தகவல்: பெர்க்லி உயர்நிலைப் பள்ளியில் 1947ல் இவரோடு ஒரே வகுப்பில் முடித்தவர், பின்னாளில் பெரிய அறிவியல் புனைகதை எழுத்தாளரான ஃபிலிப் கே. டிக். இருவருக்கும் அப்போது ஒருவரை ஒருவர் தெரியாது.)

படி 1: ஒரே ஒரு சிறுகதை, ஒரே உட்காரலில்

‘த ஒன்ஸ் ஹூ வாக் அவே ஃப்ரம் ஓமெலாஸ்’. 1973ல் வந்தது, மறுவருடம் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது வாங்கியது. சில பக்கம்தான், ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா, சேலம், ஓரிகான் என்ற ஊர்ப் பலகையை காரின் கண்ணாடியில் தலைகீழாகப் படித்ததில் இருந்து. நம்ம ஊர் சேலம் இல்லை, அவர்கள் மாநிலத் தலைநகர்.

கதைச் சுருக்கம் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு நகரம், எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், அந்தச் சந்தோஷத்துக்கு விலையாக ஒரு நிலவறையில் ஒரு குழந்தை அடைபட்டுக் கிடக்கிறது. தெரிந்தாலும் பரவாயில்லை, படியுங்கள். படிக்கும்போது குழந்தையைவிட, கதை சொல்கிறவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். முதல் பாதி முழுக்க அவர் நம்மிடம் கெஞ்சுகிறார்: இந்த நகரத்தில் உங்களுக்குப் பிடித்ததைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ரயில் வேண்டுமா, திருவிழாவில் போதை வேண்டுமா, சரி வைத்துக்கொள்ளுங்கள் என்று. நாமும் தலையாட்டிக்கொண்டே நகரத்தைக் கட்டுகிறோம். அப்புறம் ‘இப்போது நம்புகிறீர்களா?’ என்று கேட்டு, இல்லையா, சரி இதையும் சொல்கிறேன் என்று நிலவறைக் கதவைத் திறக்கிறார். வெறும் சந்தோஷத்தை நம்பாத நாம், அடியில் ஒரு வேதனை இருக்கிறது என்றதும் ஆமாம், இது நிஜம்தான் என்று ஒத்துக்கொள்கிறோமே, அந்த இடம்தான் கதை. ‘நீ நகரத்தை விட்டுப் போவாயா, இருப்பாயா’ என்று விவாதம் நடத்துகிறவர்கள் பாதிப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை என்பது என் குறை.

படித்ததும் விளக்கக் கட்டுரை தேடாதீர்கள். ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். பிடிக்கவில்லை, எரிச்சலாக இருந்தது என்றாலும் அடுத்த படிக்குப் போகலாம், எரிச்சலும் நல்ல அறிகுறிதான். ஒன்றுமே தோன்றவில்லை என்றால் மட்டும் இவர் உங்களுக்கானவர் இல்லையோ என்று யோசிக்கலாம்.

படி 2: எர்த்ஸீ, ஆனால் மூன்றோடு நிறுத்துங்கள்

பெர்க்லியில் பார்னசஸ் என்ற சிறு பதிப்பகம் நடத்திய ஹெர்மன் ஷைன், பதின்ம வயதினருக்கு ஒரு நாவல் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். மந்திரவாதிகள் என்றாலே எல்லாக் கதையிலும் வெள்ளைத் தாடிக் கிழவர்கள், அவர்கள் பையன்களாக இருந்தபோது என்ன செய்துகொண்டிருந்தார்கள், அந்தக் கலையை எங்கே போய்க் கற்றார்கள் என்ற ஒரு கேள்வியில் இருந்து 1968ல் ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’ வந்தது. மந்திரப் பள்ளிக்கூடம் இப்போது நமக்குப் பழகிப்போன சங்கதி. அன்றைக்கு அப்படி இல்லை.

கடலும் தீவுகளும் மட்டுமே உள்ள உலகம். கான்ட் என்ற தீவில் ஆடு மேய்க்கும் பையன் கெட், திறமைசாலி, கர்வி, ரோக் தீவின் பள்ளியில் ஒரு சவாலுக்காகச் செய்யக்கூடாததைச் செய்து ஒரு நிழலை வெளியே விட்டுவிடுகிறான். மீதிக் கதை அந்த நிழல் அவனைத் துரத்துவது, பிறகு அவன் அதைத் துரத்துவது. போர் இல்லை, படை இல்லை, இருட்டு ராஜா எவனும் இல்லை. மந்திரம் என்பது ஒரு பொருளின் உண்மைப் பெயரைத் தெரிந்திருப்பது, அவ்வளவுதான். அதனால் தன் உண்மைப் பெயரை ஒருவரிடம் சொல்வது உயிரையே கொடுப்பது மாதிரி, அதைச் சொல்லும் காட்சிகள் வரும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் படிப்பது? மெதுவாக, முடிந்தால் வாய்விட்டு. லெ குவின் வாக்கியங்களைக் காதுக்காக எழுதுகிறவர், பழைய கதைப்பாடல் சொல்கிற தொனி இருக்கும், கண்ணால் மட்டும் ஓட்டினால் வறட்சியாகத் தெரியும். ஆங்கிலம் கடினமாக இருக்குமோ என்று பயப்பட வேண்டாம், இந்தப் புத்தகத்தின் சொற்கள் எளிமையானவை.

இன்னொன்று, கெட்டின் தோல் நிறத்தைக் கவனியுங்கள். செம்பழுப்பு. நண்பன் வெட்ச் கறுப்பு. இந்த உலகத்தில் வெள்ளைத் தோல்காரர்கள் கிழக்கே இருந்து கொள்ளையடிக்க வரும் கார்க் இனத்தார். இதை முதல் பக்கத்தில் அறிவிக்காமல், வாசகர் கெட்டோடு ஒன்றிப்போன பிறகு போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவார், வேண்டுமென்றே. 1968ல் இது சின்னக் காரியம் இல்லை. பல வருடம் அட்டைப்படங்களில் கெட்டை வெள்ளையாகவே வரைந்தார்கள், 2004ல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரும் அதையே செய்தபோது லெ குவின் பகிரங்கமாக எதிர்த்து எழுதினார். 2006ல் ஜப்பானின் ஜிப்லி நிறுவனம் எடுத்த அனிமேஷன் படமும் உண்டு. இரண்டையும் புத்தகத்துக்கு முன்னால் பார்க்காதீர்கள்.

அடுத்து ‘த டூம்ஸ் ஆஃப் அடுவான்’. கெட்டை எதிர்பார்த்துப் போனால் பாதிப் புத்தகம் வரை ஆளையே காணோம். டெனார் என்ற பெண், பாலைவனத்தில் ஒரு கோயில், அதன் அடியில் வெளிச்சமே கூடாத சுரங்கப் பாதைகள். ஓரிகானின் தென்கிழக்குப் பாலைவனத்துக்கு மூன்று நாள் போய்வந்ததில் பிறந்த கதை இது. எனக்கு மூன்றிலும் இதுதான் ஒசத்தி. மூன்றாவது ‘த ஃபார்தெஸ்ட் ஷோர்’, 1972, சாவைப் பற்றியது, அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது வாங்கியது. இதில் நடுவே கொஞ்சம் உபதேசம் தட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள், கடைசி அறுபது பக்கம் ஈடுகட்டிவிடும்.

இங்கே நிறுத்துங்கள். நான்காவது புத்தகம் கையில் இருந்தாலும் தொடாதீர்கள். காரணம் பிறகு.

படி 3: கதைத் தொகுப்பு, வேண்டிய அளவு

‘த விண்ட்ஸ் ட்வெல்வ் குவார்ட்டர்ஸ்’, 1975, பதினேழு கதைகள், ஏறக்குறைய எழுதிய வரிசையில். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு மூன்று பத்தியில் குறிப்பு எழுதியிருப்பார், பல இடங்களில் கதையைவிட அது ருசி. பதினேழையும் படிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ‘நைன் லைவ்ஸ்’ அவசியம்: ஒரே ஆளில் இருந்து படியெடுத்த பத்துப் பேர், ஒரு விபத்தில் ஒன்பது பேர் போய்விட, மிச்சமான ஒருவன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியாக இருப்பது எப்படி என்று தெரியாமல் நிற்கிறான். இதை வெளியிட்ட ‘ப்ளேபாய்’ இதழ், எழுதியவர் பெண் என்பது தெரியாமல் இருக்க யு. கே. லெ குவின் என்று முதலெழுத்துகளை மட்டும் போடலாமா என்று கேட்டது, அவரும் அப்போது சரி என்றார். அடுத்தது ‘வாஸ்டர் தேன் எம்பயர்ஸ் அண்ட் மோர் ஸ்லோ’, ஒரு கிரகம் முழுக்கக் காடு, அந்தக் காட்டுக்குப் பயம் வருகிறது. ‘ஓமெலாஸ்’ இதே தொகுப்பில்தான் இருக்கிறது, திரும்ப ஒருமுறை பாருங்கள்.

வேறொரு தொகுப்பான ‘த கம்பஸ் ரோஸ்’ கிடைத்தால் அதில் ‘சூர்’ மட்டுமாவது. தென் அமெரிக்கப் பெண்கள் சிலர், முதலில் போனவர் என்று பெயரெடுத்த ஆமுண்ட்செனுக்கு முன்பே தென்துருவத்தை அடைந்துவிட்டு, ஒரு தடயமும் விடாமல் திரும்பி வந்து, வெளியே சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள், பாவம் அந்த ஆண்கள் ஏமாந்து போவார்களே என்று. சிரித்துக்கொண்டே படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வராத வகை. ஸ்காட், ஷாக்கிள்டன் எழுதிய அண்டார்டிகப் பயணக் குறிப்புகள் லெ குவினுக்கு உயிர், அந்தப் பைத்தியம் அடுத்த படியிலும் வருகிறது.

படி 4: இப்போது பனிக்கிரகம்

‘த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’, 1969. ஹியூகோ, இந்தத் துறையின் இன்னொரு பெரிய விருதான நெபுலா இரண்டும் வாங்கியது, சிறந்த நாவலுக்கான ஹியூகோவை ஒரு பெண் வாங்கியது அதுவே முதல்முறை.

கெதென் என்ற கிரகம், எப்போதும் குளிர். அங்குள்ள மனிதர்களுக்கு நிரந்தரமான ஆண், பெண் என்று கிடையாது. மாதத்தில் சில நாள் மட்டும் உடல் விழிக்கும், அதற்கு கெமர் என்று பெயர், அப்போது யார் எதுவாக மாறுவார் என்பது முன்கூட்டித் தெரியாது. இந்த மாதம் தாயாகிறவர் இன்னொரு முறை தந்தையாகலாம். அரசரே கர்ப்பமாக இருக்கிறார் என்ற செய்தி வானிலை அறிக்கை மாதிரி வரும். இந்த ஊருக்கு ஜென்லி ஐ என்ற கறுப்பின ஆண் தூதராக வந்து, எங்கள் கிரகங்களின் கூட்டமைப்பில் சேருங்கள் என்று தனியாளாகக் கேட்கிறான். அவனுக்கு உதவ நினைப்பவர் எஸ்ட்ராவன் என்ற மந்திரி. ஜென்லி அவரை நம்பவில்லை.

நான் விழுந்த பள்ளத்தில் நீங்கள் விழாமல் இருக்க நாலு விஷயம். ஒன்று, ஜென்லி ஒரு நம்பத்தகாத கதைசொல்லி, கெட்டவன் அல்ல, பார்க்கத் தெரியாதவன். எஸ்ட்ராவன் முதல் அத்தியாயங்களில் வழுக்குகிற ஆளாகத் தெரிந்தால் அது ஜென்லியின் கண் கோளாறு. இரண்டு, கதைக்கு நடுவே திடீரென்று ஒரு நாட்டார் கதையோ புராணமோ வரும், தாண்டாதீர்கள், இரண்டாவது அத்தியாயத்தில் வரும் கதை கடைசி அத்தியாயம் வரை வேலை செய்கிறது. மூன்று, கெமர் குழப்பமாக இருந்தால் ஏழாவது அத்தியாயத்தை முன்கூட்டியே எட்டிப் பாருங்கள், ஒரு ஆய்வாளரின் களக்குறிப்பாக எல்லாம் தெளிவாக இருக்கும், கதை ஒன்றும் கெட்டுவிடாது. நான்கு, ஷிஃப்க்ரெதோர் போன்ற சொற்களுக்குப் பொருள் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். புது ஊரில் பாஷை பழகுவதுபோலத்தான், மானம், மரியாதை, முகம், வீம்பு எல்லாம் கலந்த ஏதோ ஒன்று என்று பாதியில் தானே புரியும். நூற்றைம்பது பக்கம் தாண்டிவிட்டால் அப்புறம் பனிப்பாளத்தின் மேல் இரண்டு பேர் ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு நடக்கும் நீண்ட பயணம் வரும், அதற்கு என் உதவி தேவைப்படாது.

இனி அந்தச் சண்டை. கெதென்காரர்கள் எல்லோரையும் லெ குவின் ஆங்கிலத்தில் ‘ஹி’ என்றே எழுதினார். ஆணும் பெண்ணும் அல்லாதவர்கள் என்று சொல்லிவிட்டு எல்லோரையும் ஆண்களாக்கிவிட்டீர்களே என்று பெண்ணிய விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1976ல் ‘இஸ் ஜெண்டர் நெசசரி?’ என்று ஒரு கட்டுரை எழுதி, அது பொதுச்சொல்தான், ஆங்கிலத்தைச் சிதைக்க மாட்டேன் என்று வாதாடினார். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே கட்டுரையை அழிக்காமல், பக்கத்திலேயே தன் மறுப்புகளைச் சேர்த்து மறுபடி வெளியிட்டார்: இங்கே நான் தற்காப்புக்காகப் பேசினேன், இங்கே நான் சொன்னது தப்பு என்று. ஒரு எழுத்தாளர் தன்னோடு தானே சண்டை போடுவதை அச்சில் பார்க்க வேண்டுமானால் அதைத் தேடிப் படியுங்கள். நாவல் முடிந்த பிறகு.

இதில் தமிழ் வாசகருக்கு ஒரு வேடிக்கை உண்டு. மேலே எஸ்ட்ராவனை ‘அவர்’ என்றேன், அரசரையும் அவர் என்றேன், இந்தக் கட்டுரை முழுக்க லெ குவினையும் அவர் என்றே எழுதுகிறேன், உங்களுக்கு உறுத்தியிருக்காது. அவர் வந்தார், அவர் சொன்னார், ஆணா பெண்ணா என்று வினைச்சொல்கூடக் காட்டிக்கொடுக்காது. அந்த வசதி இல்லாத மொழியில் எழுத உட்கார்ந்துதான் அந்த அம்மா அவ்வளவு அவஸ்தைப்பட்டார். ஆனால் நமக்கும் முழு விடுதலை இல்லை. மரியாதை இல்லாமல் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் உடனே அவனா, அவளா என்று முடிவு செய்தாக வேண்டும். கெதெனில் ஒரு திருடனை என்னவென்று சொல்வது? ‘திருடன்’ என்று எழுதியதுமே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன் பாருங்கள்.

படி 5: சுவர்

‘த டிஸ்பொஸெஸ்ட்’, 1974. மறுபடி ஹியூகோவும் நெபுலாவும். உர்ராஸ் செழிப்பான கிரகம், சொத்து, அரசாங்கம், ஏற்றத்தாழ்வு எல்லாம் உண்டு. அதன் துணைக்கிரகம் அனார்ரஸ், வறண்ட பூமி, அங்கே தலைவனும் சட்டமும் சொத்தும் வேண்டாம் என்று கிளம்பிப் போனவர்களின் வாரிசுகள் வாழ்கிறார்கள். அங்கிருந்து ஷெவெக் என்ற இயற்பியலாளர் பல தலைமுறைக்குப் பிறகு முதல் ஆளாக உர்ராஸுக்குப் போகிறார். சின்ன வயதில் பெற்றோர் வீட்டில் பார்த்த அணுகுண்டு விஞ்ஞானி ஓப்பன்ஹைமரின் முகம்தான் ஷெவெக்குக்கு முதல் வித்து என்று லெ குவின் சொல்லியிருக்கிறார்.

இதில் தடுமாறும் இடம் ஒன்றே ஒன்று: அத்தியாயங்கள் மாறி மாறி வரும். ஒன்று உர்ராஸில் இன்றைய ஷெவெக், அடுத்தது அனார்ரஸில் அவர் குழந்தைப் பருவத்தில் இருந்து. மொத்தம் பதின்மூன்று அத்தியாயம், முதலும் கடைசியும் இரண்டு உலகத்துக்கும் நடுவே. ஒற்றைப்படை உர்ராஸ், இரட்டைப்படை அனார்ரஸ் என்று முதல் பக்கத்திலேயே பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை.

அனார்ரஸ்காரர்களின் மொழியில் ‘என்னுடைய’ என்பதற்கு அவ்வளவாக வேலை கிடையாது, ‘என் அம்மா’ என்பதைவிட வெறுமனே ‘அம்மா’ என்பார்கள். அழகான ஊர் என்று நினைக்கும்போதே லெ குவின் கதவைத் திறந்து காட்டுவார்: தலைவனே இல்லாத இடத்தில் ஊர் வாய்க்குப் பயந்து மனிதர்கள் எப்படித் தங்களையே கட்டிப்போட்டுக்கொள்கிறார்கள், புதிதாக யோசிக்கிறவனை சட்டம் போடாமலே எப்படி ஓரங்கட்டுகிறார்கள் என்று. தான் ஆசைப்பட்டுக் கட்டிய சமுதாயத்தையே இப்படிக் குடைந்தவர் அதிகம் இல்லை. அரசியல் பேச்சு நிறைய வரும். அது அலுப்பாக இருந்தால் அனார்ரஸ் அத்தியாயங்களில் ஷெவெக், டக்வெர் இருவரின் குடும்ப வாழ்க்கையை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், பஞ்சம் வரும் இடத்தில் எல்லாம் ஒன்றுசேரும்.

முடித்ததும் ‘த விண்ட்ஸ் ட்வெல்வ் குவார்ட்டர்ஸ்’ தொகுப்பின் கடைசிக் கதை, ‘த டே பிஃபோர் த ரெவல்யூஷன்’. அனார்ரஸின் தத்துவத்தை எழுதிய ஓடோ என்ற கிழவியின் ஒரு நாள். முன்னாடியே படிக்கலாம் என்பார்கள். வேண்டாம். சிலையாகத் தெரிந்தவரைச் சாதாரணக் கிழவியாகப் பார்க்கும் அதிர்ச்சி பின்னால்தான் கிடைக்கும்.

படி 6: திரும்ப எர்த்ஸீக்கு

நான்காவதைத் தொடாதீர்கள் என்றேனே. அது ‘டெஹானு’, 1990, மூன்றாவதுக்குப் பதினெட்டு வருடம் கழித்து. அந்த மூன்று புத்தகத்தில் மந்திரம் கற்றவர்கள் எல்லோரும் ஆண்கள், ஊர்ச் சூனியக்காரியின் மந்திரம் மட்டமானது என்று பழமொழியே உண்டு, ரோக் பள்ளியில் பெண்ணுக்கு இடம் இல்லை. எழுதியபோது மரபு அப்படித்தான் என்று எழுதியவர், ஏன் அப்படி என்று தன் உலகத்தையே கேட்கத் திரும்பி வந்தார். அடுவானில் பெண்ணாகப் பார்த்த டெனார் இப்போது நடுத்தர வயது விதவை, பாத்திரம் கழுவுகிறாள், தீயில் தள்ளப்பட்டு முகம் வெந்த ஒரு குழந்தையை வளர்க்கிறாள். கெட் திரும்பி வருகிறார், மந்திரம் போய்விட்டது, அழுகிறார். பழையபடி சாகசம் எதிர்பார்த்த ரசிகர்கள் பலர் கோபப்பட்டார்கள். முதல் மூன்றை முடித்த கையோடு படித்தால் உங்களுக்கும் கோபம் வரும், ஆகவேதான் நடுவில் மூன்று படி வைத்தேன். வயது ஏறிய பிறகு படிக்க வேண்டிய புத்தகம், அதுவரை முடியாதென்றால் குறைந்தது ஆறு மாதமாவது இடைவெளி.

அட்டையில் ‘எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்’ என்றே போட்டுக்கொண்டார். 2001ல் இன்னும் இரண்டு எழுதினார்: ‘டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ’, ‘தி அதர் விண்ட்’. இந்த வரிசையிலேயே படியுங்கள். முந்தையதில் உள்ள ‘டிராகன்ஃப்ளை’ கதை இல்லாமல் பிந்தையது சரியாகப் பிடிபடாது.

தள்ளிப்போட வேண்டியவை

‘ரோகானன்ஸ் வோர்ல்ட்’, ‘பிளானட் ஆஃப் எக்ஸைல்’, ‘சிட்டி ஆஃப் இல்யூஷன்ஸ்’, 1966-67ல் வந்த முதல் மூன்று நாவல்கள். ஹைன் உலக வரிசை (படி 4, 5 நாவல்களும் இதில்தான்) என்ற பெயரைப் பார்த்து முதலில் இருந்து தொடங்குகிறேன் என்று போய் இங்கேயே சலித்துப்போனவர்களை எனக்குத் தெரியும். அந்த வரிசைக்குக் கதைத் தொடர்ச்சி கிடையாது, எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். வெளிச்சத்தை முந்திச் செய்தி அனுப்பும் ‘ஆன்சிபிள்’ கருவி முதலில் வருவது ‘ரோகானன்’ நாவலில்தான், பிறகு மற்ற எழுத்தாளர்களும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள், அந்த மரியாதைக்காகப் பின்னால் ஒருநாள் புரட்டலாம்.

‘ஆல்வேஸ் கம்மிங் ஹோம்’, 1985, தடிப் புத்தகம், நாபா பள்ளத்தாக்கில் எதிர்காலத்தில் வாழப்போகும் மக்களின் பாட்டு, சமையல், சடங்கு, கதை எல்லாம் சேர்த்த கற்பனை மானுடவியல். அப்பா செய்த வேலையை மகள் இல்லாத ஜனங்களுக்குச் செய்தது. முதல் பதிப்போடு பாட்டு கேசட்டே கொடுத்தார்கள். இதை நேராகப் படிக்க முயலாமல் எங்கே விரிகிறதோ அங்கே படியுங்கள்.

இடையில் வேகமாக ஒன்று வேண்டும் என்றால் ‘த லேத் ஆஃப் ஹெவன்’, 1971: கனவு கண்டால் உலகமே மாறிவிடும் ஒருவன், அவனை வைத்து உலகத்தைச் சரிசெய்யக் கிளம்பும் ஒரு மனநல மருத்துவர். தலைப்பு சுவாங் சு என்ற பழங்காலச் சீன ஞானியின் நூலுக்கு வந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இருந்து எடுத்தது, அந்த மொழிபெயர்ப்பே தப்பு, அந்தக் காலச் சீனாவில் கடைசல் இயந்திரமே இல்லை என்று பிறகு தெரியவந்தபோது அதையும் அவரே சிரித்துக்கொண்டு எழுதினார். தாவோ என்ற சீனத் தத்துவத்தின் பக்கம் ஈர்ப்பு சின்ன வயதிலேயே வந்தது, அப்பாவின் அலமாரியில் இருந்த பிரதியில் இருந்து. 1997ல் அதன் மூல நூலான தாவோ தே ஜிங்கைத் தன் ஆங்கிலத்தில் தந்தார்.

எழுத ஆசை இருப்பவர்கள் ‘ஸ்டீரிங் த கிராஃப்ட்’ வாங்குங்கள், உபதேசம் கம்மி, பயிற்சி நிறைய. 2014ல் அமெரிக்க தேசியப் புத்தக அறக்கட்டளையின் பதக்கத்தை வாங்கும்போது பேசிய சின்ன உரையின் ஒளிப்பதிவையும் பாருங்கள். 85 வயது, எதிரே பதிப்பகத் துறையின் பெரிய மனிதர்கள். அவர்களைப் பார்த்தே, புத்தகத்தை வெறும் சரக்காக விற்கிறீர்கள், முதலாளித்துவத்தின் பிடியில் இருந்து தப்ப முடியாது என்று தோன்றுகிறது, ராஜாக்களின் தெய்வீக உரிமையும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது என்கிறார்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ‘ஃபயர்லைட்’ என்று ஒரு சின்னக் கதை, அவர் இறந்த பிறகு 2018 கோடையில் ‘பாரிஸ் ரிவ்யூ’ இதழில் வந்தது. கெட் கிழவனாகப் படுத்திருக்கிறார், டெனார் பக்கத்தில் இருக்கிறாள், அடுப்பில் நெருப்பு. எர்த்ஸீ ஆறு புத்தகமும் முடியும் வரை அதைத் திறக்காதீர்கள். முடிந்த பிறகும் நான் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன்.